ராகி மாவும் ஒரு நாயின் வயிறும்

நாய்க்கு வயிறு சரியில்லை என்று அழைத்துப் போனால், “உங்க வீட்டுக்காரர் என்ன வேலை?” என்று கேட்டார் கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர். ரயில்வேயில் கிளார்க் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கொழுப்பில்லாத ஆட்டுக்கறி, சன்ன அரிசிச் சோறு. இல்லேன்னா டின்ல வர்ற சாப்பாடு. முடியாதுன்னா இந்த மாதிரி நாயை எதுக்கும்மா வளர்க்கறீங்க?”

நானா ஆசைப்பட்டேன்? மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வைத்த புதிது அது. எங்கள் குவார்ட்டர்ஸின் பெரிய வீட்டில் இருந்த அதிகாரி டில்லிக்கு மாற்றலானார். கட்டில், பீரோ, பூந்தொட்டி எல்லாம் லாரியில் ஏறின. நாய் மட்டும் எங்கள் கேட்டில் கட்டப்பட்டது. “கொஞ்சம் வீக்கான வயிறு, பார்த்துக்கோங்க” என்று அந்த அம்மாள் காருக்குள்ளிருந்தே சொல்லிவிட்டுப் போனாள். பால் வைத்தால் பேதி. ரேஷன் அரிசி வைத்தால் வாந்தி. விலா எலும்பு எண்ணும்படி இளைத்துப் போனது.

டின் என்ன விலை என்று கேட்க தேவராஜ மொஹல்லா கடைத்தெருவில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். விலையைச் சொல்லிவிட்டுக் கடைக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த கொள்ளேகால்காரர் ஒருவர்தான் என் தமிழைக் கேட்டுவிட்டு நின்றார்.

“எங்கூர்ல நாய்க்கு ராகிக் கூழுதானுங்க. உப்புப் போடாம நல்லா வேக வெச்சு, ஆற வெச்சுக் குடுங்க. கூடக் கொஞ்சம் பரங்கிக்காய மசிச்சுப் போடுங்க.”

அன்றே வீட்டில் எங்களுக்கென்று வைத்திருந்த ராகி மாவைக் காய்ச்சினேன். நாய் தட்டை நக்கித் தீர்த்தது. ஒரு வாரம் பேதி இல்லை, வாந்தி இல்லை. படித்த டாக்டருக்கு இது ஏன் வாயில் வரவில்லை?

வீட்டு ராகி தீர்ந்ததும் தெருமுனைக் கடையில் நாய்க்கென்று சொல்லி மாவு வாங்கினேன். மறுநாளே நாய் சுருண்டுவிட்டது. மாவைச் சலித்துப் பார்த்தேன். வண்டு, மண், புளித்த வாடை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள்.

“நாயிகே தானே அம்மா?” என்றார் கடைக்காரர். நாய்க்குத்தானே என்கிறார்! நாய்க்கென்றால் எதையும் கட்டிக் கொடுக்கலாமா?

“நாய்க்குன்னு தெரிஞ்சு இந்தக் குப்பையைக் கொடுத்தீங்களா?” என்று கன்னடத்திலேயே கத்தினேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் ஏன் தனியாக் கொடுக்கறேன்? எல்லாருக்கும் இதே மூட்டைதான்!”

கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் பொட்டலத்தை என்னிடமிருந்து வாங்கி முகர்ந்தாள். “என் பொண்ணுக்கு நாலு நாளா வயித்தால போறது. பல்லு முளைக்கறதுனால இருக்கும்னு நினைச்சேன்” என்றாள். அப்புறம் அவள் போட்ட சத்தத்துக்கு முன்னால் என்னுடையது ஒன்றுமே இல்லை. மூட்டையைத் தெருவில் கொட்டச் சொன்னாள்; கடைக்காரர் கொட்டும்வரை யாரும் நகரவில்லை.

அவர் மன்னிப்புக் கேட்டாரா என்றால், இல்லை. ஒரு நாய்க்காக வியாபாரத்தைக் கெடுத்தவள் என்று குவார்ட்டர்ஸ் முழுக்க என்னைப் பற்றிச் சொன்னார். மூட்டையைக் கெட்டுப்போக விட்டவர் அவர், கெட்டவள் நான்!

அதன்பிறகு முழு ராகியாக வாங்கி, கழுவிக் காய வைத்து, மில்லில் என் கண்ணெதிரே அரைத்துக்கொண்டேன். குழந்தைக்காரியும் என்னோடு வருவாள். நாய்க்கு உடம்பு தேறி, தபால்காரரைத் துரத்தும் அளவுக்குத் தெம்பு வந்தது. கடைக்காரர் இன்னொரு மூட்டை இறக்கினார். அதையும் ஜனங்கள் வாங்கினார்கள், முகர்ந்து பார்த்துவிட்டு.