கோயமுத்தூருக்கு மேகலா போட்ட திட்டம்

கன்னியப்பனுக்குத் தெரியாத ரோடு கிடையாது என்று ஒரு காலத்தில் ஆம்பூர் லாரி ஷெட்டில் பேச்சு இருந்தது. ஷூ கம்பெனிகளின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்குப் போவார். அங்கிருந்து எந்த லோடு கிடைத்தாலும் சரி, கொச்சியோ தூத்துக்குடியோ, மறுபேச்சு இல்லாமல் வண்டியைத் திருப்புவார். ஆனால் எந்த ஊருக்குள்ளும் இறங்கிச் சுற்றிப் பார்த்தவர் இல்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பைபாஸ்கள், டீக்கடைகள், பஞ்சர் கடைகள். மதுரை எப்படி இருக்கும் என்று மனைவி மேகலா ஒருமுறை ஆசையாகக் கேட்டாள். "டோல்கேட்டாண்ட கூட்டம் ஜாஸ்தி" என்றார்.

ஐம்பது வயது தாண்டியதும் சர்க்கரை அவர் கண்ணில் இறங்கியது. முதலில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. பிறகு வலது கண் முழுக்க இருண்டது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சின. மழையில் வைப்பர் இல்லாமல் ஓட்டுகிற மாதிரி இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னார். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்றார் டாக்டர். லாரி முதலாளி நல்ல மனிதர். ஷெட்டில் வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொன்னார். கண் தெரியாத வாட்ச்மேனா என்று கன்னியப்பன் வாய்விட்டுச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் அதிகம் சிரிக்கவில்லை.

நெடுஞ்சாலையை ஒட்டிய தெரு அவர்களுடையது. பகல் முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். சாயங்காலம் கம்பெனி பஸ் நின்று மேகலா இறங்கும் சத்தம் கேட்டால்தான் எழுந்திருப்பார்.

மேகலா ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் சூப்பர்வைசர். நூல் வெட்டுகிற ஹெல்பராகச் சேர்ந்து, மிஷினில் உட்கார்ந்து, கடைசியில் ஒரு லைனையே நடத்துகிற இடத்துக்கு வந்தவள். எந்தத் துண்டு முதலில் வரவேண்டும், எது யார் கைக்குப் போகவேண்டும், எங்கே தேங்கும் என்பதையெல்லாம் காலையில் டீ குடிக்கும்போதே மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவாள். அவள் லைனில் சண்டை கம்மி என்று மற்ற பிரிவிலும் சொல்வார்கள். வீட்டில் கன்னியப்பன் அதையெல்லாம் கேட்டதில்லை. கம்பெனி கதை பெண்கள் கதை என்று நினைத்திருந்தார்.

ஒருநாள் சாயங்காலம் அவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னாள்.

"ஏங்க, கோயமுத்தூர்ல காருங்களுக்குன்னே ஒரு மியூசியம் கீதாம். நூறு வருஷத்துக் காரெல்லாம் நிக்குதாம். அதே ஊர்ல பழங்காலத்து சாமான் வச்ச மியூசியமும் கீது. ரெண்டு பேரும் ஒருவாட்டி போய்ட்டு வரலாம்."

"மியூசியத்துக்குப் போய் இன்னா பண்ணுவாங்க?"

மேகலா கைப்பையை மெல்ல இறக்கி வைத்தாள்.

"பாப்பாங்க. இல்ல? அப்ப நீ மட்டும் போய்ட்டு வா" என்று கன்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் கோபப்படுவாள், இல்லாவிட்டால் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ அடுப்படிக்குப் போய்க் குக்கரை வைத்தாள். விசில் வந்த பிறகு உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "சாம்பிள் போடாம எந்த ஆர்டரையும் நாங்க ஓட்ட மாட்டோம். மொதல்ல வேலூர் கோட்டை மியூசியத்துக்குப் போலாம். சரிப்பட்டு வரலன்னா கோயமுத்தூர் பேச்சையே எடுக்க மாட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறி வேலூர் போனார்கள். கூட்டம் நெரிந்தது. மேகலா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சிலையின் முன்னும் நின்று, அருகில் எழுதியிருந்ததை வரிவிடாமல் படித்தாள். நடுகல் என்றாள், செப்பேடு என்றாள், பல்லவர் காலம் என்றாள். கன்னியப்பனுக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிழலாக நின்றது. பின்னால் வந்தவர்கள் நகரச் சொன்னார்கள். அவர் நகர்ந்தபோது நெற்றி ஒரு கண்ணாடிப் பெட்டியில் இடித்தது. பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள் என்பது அந்தத் திடீர் அமைதியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாத்துக்கு என்னிய இட்டுனு வந்து பேஜார் பண்ற?" என்று அத்தனை பேர் நடுவிலும் கத்திவிட்டார்.

வெளியே வந்து கோட்டைப் புல்வெளியில் உட்கார்ந்தார்கள். வேலூரிலேயே சத்துவாச்சாரியில் இருக்கும் மகள் பூங்குழலி அங்கேயே வந்து சேர்ந்தாள். அப்பா நெற்றியில் வீங்கியிருந்ததைப் பார்த்ததும் அம்மாவிடம் பாய்ந்தாள்.

"உள்ளூர்லயே இப்படி. இதுல கோயமுத்தூரா? வுட்டுடும்மா."

"சாம்பிள் ஃபெயிலானா ஆர்டர கேன்சல் பண்ண மாட்டாங்க கண்ணு. எங்க தப்புன்னு பாப்பாங்க" என்றாள் மேகலா.

எங்கே தப்பு என்று அவள் பார்த்த விதம் கன்னியப்பனைத் திகைக்க வைத்தது. ஒரு வாரம் போனபின், அவர் மனநிலை தெளிந்திருந்த நேரமாகப் பார்த்து, அன்று எது எது கஷ்டமாக இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கூட்டமா, நடையா, அவள் படித்ததா? யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. பாவம் என்பார்கள், இல்லாவிட்டால் தைரியமாக இருங்கள் என்பார்கள். கன்னியப்பன் கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

"எல்லாத்தையும் காட்டணும்னு நீ ஓடுற. எனக்கு எதுவுமே கெடைக்கல. ஒண்ணே ஒண்ணு, கைல தொட்டுப் பாத்திருந்தா போதும்."

மறுநாள் மதிய சாப்பாட்டு நேரத்தில் மேகலா கோயமுத்தூர் கார் மியூசியத்துக்கு போன் போட்டாள். எடுத்தவர் பூர்ணிமா என்ற அதிகாரி. எதையும் தொட அனுமதி இல்லை என்று அவர் மரியாதையாகவே சொன்னார். மேகலா நன்றி சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை கெஞ்சவில்லை. தொட்டால் காருக்கு என்ன கெடுதல் என்று மட்டும் கேட்டாள். கை ஈரமும் எண்ணெயும் பெயின்ட்டைக் கெடுக்கும், பெல்ட் பக்கிளும் மோதிரமும் கீறிவிடும், ஒருவரை விட்டால் எல்லாரும் கேட்பார்கள் என்று பூர்ணிமா காரணம் சொன்னார்.

அன்றைக்கே மேகலா கட்டிங் பிரிவில் இருந்த தோழி தபஸ்ஸுமிடம் போனாள். தபஸ்ஸும் கழிவுத் துண்டுகளைப் புரட்டி, உள்பக்கம் வைத்துத் தைக்கும் மெல்லிய ஆட்டுத்தோலில் நல்லதாக இரண்டு எடுத்தாள். மேனேஜரிடம் சொல்லிவிட்டு அதைக் கொடுக்கும்போது, "இத்த போட்டுனு தொட்டா தலைமுடி கூட கைக்குத் தெரியும்கா" என்றாள். மேகலா கணவரின் கையைத் தாளில் வைத்து வரைந்து, வீட்டு மிஷினில் கையுறை தைத்தாள். முதல் ஜோடி இறுக்கமாக இருந்தது. இரண்டாவது ஜோடியில் விரல் நுனித் தையலை நகத்தின் பக்கம் திருப்பினாள். அப்போதுதான் விரலுக்கும் பொருளுக்கும் நடுவில் தையல் உறுத்தாது.

மூன்றாவது முறை போன் செய்தபோது ஸ்பீக்கரில் போட்டாள். கன்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"மேடம், கையுறை தெச்சிட்டேன். ஃபோட்டோ அனுப்பிக்கிறேன், பாருங்க. பெல்ட் போட மாட்டாரு, வேட்டிதான். மோதிரத்த கழட்டி வச்சிடுவோம். சட்டை பட்டன் படாத மாதிரி மேல துணி கட்டிடறேன். கூட்டம் இல்லாத நாளா நீங்களே சொல்லுங்க. ஒரே ஒரு காரு போதும். எந்தக் காருன்றதும் உங்க இஷ்டம்."

ஃபோட்டோவைப் பார்த்துவிட்டதாக மறுமுனையில் குரல் வந்தது. பிறகு பூர்ணிமா, "ஏனுங்க, நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?" என்று கேட்டார். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் என்றாள் மேகலா. "மேலே கேட்டுச் சொல்றனுங்க" என்றார் அவர்.

வந்த பதில், புதன்கிழமை காலை வரலாம் என்பது. அடுத்த சில நாட்கள் கன்னியப்பன் தன் மனைவி ஒரு லைனை எப்படி நடத்துவாள் என்பதை வீட்டிலேயே காதால் கேட்டார். ஜோலார்பேட்டையில் எந்த ரயில் எந்தப் பிளாட்ஃபாரத்துக்கு வரும், படிக்கட்டு ஏறாமல் போக வழி உண்டா, மாத்திரைக்கு முன்னால் சாப்பிட எங்கே நிற்கலாம், தங்கும் அறையில் குளியலறை வழுக்குமா என்று ஒவ்வொன்றையும் போனில் விசாரித்து முடித்தாள். நாடெல்லாம் லாரி ஓட்டியும் தான் ஒரு பயணத்தை இந்த அக்கறையோடு போட்டதில்லை என்று அவருக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை.

கோயமுத்தூரில் பூர்ணிமா வாசலிலேயே காத்திருந்தார். உள்ளே குளிர்ச்சியாக, பழைய ரப்பரும் மெழுகுப் பாலிஷும் கலந்த வாசம் வந்தது. கன்னியப்பன் சட்டென்று நின்றுவிட்டார்.

"வண்டிங்க நிறைய கீது" என்றார்.

"தெரியுதா?" என்று பரபரத்தாள் மேகலா.

"வாசன வருதே."

பூர்ணிமா அவர்களை ஒரு காரின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். நூறு வயதை நெருங்குகிற, மேல்கூரை இல்லாத வண்டி. மேகலா எதையும் விளக்கவில்லை. கையுறை போட்ட அவர் கையை எடுத்து என்ஜின் மூடியின் மேல் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

கன்னியப்பன் அவசரப்படவில்லை. என்ஜின் மூடி கூரை ஓடு போல இரண்டு பக்கமும் சரிந்தது. பானை அளவு விளக்குகள். சக்கரத்தின் ஆரங்கள் மரம்! அவர் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணுவது போலத் தடவினார். கதவுக்கு வெளியே ஒரு இரும்புத் தண்டு கையில் தட்டியது.

"இது இன்னாம்மா, வெளிய கீது?"

"அதுதானுங்க ஹேண்ட் பிரேக். அந்தக் காலத்துல சில வண்டிகள்ல வெளிப்பக்கம் வெச்சிருந்தாங்க" என்றார் பூர்ணிமா.

"அட! மழைல கைய வெளிய நீட்டித்தான் வண்டிய நிறுத்தணுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அடங்காமல் தொடர்ந்தது. பூர்ணிமாவும் சிரித்தார். கன்னியப்பனுக்கு இந்த வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை, அதுதான் அவருக்கு இனித்தது. பார்வை போன பிறகு தெரிந்ததையெல்லாம் இழந்துகொண்டே வந்தவருக்குப் புதிதாக ஒன்று கிடைத்திருந்தது. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். பூர்ணிமா சலிக்காமல் சொன்னார். கடைசியில் அவரே ஹாரனின் ரப்பர் பந்தைக் கன்னியப்பன் கையில் பிடிக்கக் கொடுத்தார். அது எழுப்பிய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. தூரத்தில் யாரோ கைதட்டினார்கள்.

மேகலா பக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சளி புடிச்சிகிச்சா?" என்றார். "ஆமா, ஏசி" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேகலா அறைக்குத் திரும்பலாம் என்றாள்.

"பழங்காலத்து மியூசியம்?"

"வேணாம். கால் வலிக்கும். தொட்டுப் பாக்கவும் வுட மாட்டாங்க. உங்களுக்குப் போரடிக்கும்."

அவள் குரலில் இருந்த இறக்கம் கன்னியப்பனை உலுக்கியது. வேலூர் கோட்டையில் நடந்தது வேறு மாதிரியாக இப்போது நினைவுக்கு வந்தது. நடுகல் என்று சொல்லும்போது அந்தக் குரல் எப்படி இருந்தது? அவள் பன்னிரண்டாம் வகுப்பில் வரலாற்றில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தவள் என்று கல்யாணத்தின்போது மாமனார் சொன்னார். மேலே படிக்க வைக்க வசதியில்லை, கம்பெனிக்கு அனுப்பினோம் என்றும் சொன்னார். அன்று அது ஒரு செய்தியாகக் காதில் விழுந்து போய்விட்டது. வேலூரில் அவள் தனக்காகப் படித்துக் காட்டுகிறாள் என்றே அவர் நினைத்தார். அவள் தன் ஆசைக்காகவும்தான் படித்திருக்கிறாள். அதைத்தான் அத்தனை பேர் நடுவில் அவர் கத்தி நிறுத்தினார்.

"ஆட்டோ புடி" என்றார் கன்னியப்பன். "போலாம்."

அங்கே கூட்டமே இல்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "நீ பாட்டுக்குப் பாரு. புடிச்சத மட்டும் வந்து சொல்லு" என்றார். மேகலா போனாள். கொஞ்ச நேரத்தில் வேகமாகத் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏங்க, ஒரு முதுமக்கள் தாழி கீது. செத்தவங்கள வச்சிப் பொதைக்கிற பானை. ஒரு ஆளே உக்காரலாம், அவ்ளோ பெருசு. அதோட வாய்கிட்ட வெரல் தடம் கீதுங்க. பண்ணவங்க வெரலு!"

"எத்தினி வருஷத்து?"

"ரெண்டாயிரத்துக்கும் மேல போட்டுக்கிறாங்க."

"வெரல் எவ்ளோ பெருசு?"

அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தன் சுண்டுவிரலை அவர் உள்ளங்கையில் அழுத்தினாள். "இவ்ளோதான். பொம்பளையா இருக்கணும்" என்றாள். பள்ளிக்கூடத்துப் பெண்ணின் குரல் அது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. மூடும் நேரம் என்று காவலாளி வந்து சொல்லும்வரை அவள் போய்ப் போய் வந்தாள், அவர் கேட்டுக் கேட்டு அனுப்பினார்.

அதற்குப் பிறகு மேகலாவின் லைன் பெண்கள் சிலர் தங்கள் வீட்டுக்காரர்களோடு எங்கே போகலாம் என்று அவளிடம் கேட்க ஆரம்பித்தார்கள். தபஸ்ஸும் தன் கணவரோடு மைசூர் போய்வந்தாள். திட்டம் மேகலா போட்டதுதான். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு சேர பூங்குழலி அம்மாவுக்குப் பணம் கட்டினாள். பாடங்களைச் சாயங்காலத்தில் மேகலா சத்தமாகப் படிக்கிறாள். கன்னியப்பன் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டு அவளைத் திணற அடிக்கிறார்.

அவருக்கும் வேலை வந்துவிட்டது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் போனை மகள் பழக்கிக் கொடுத்தாள். பகலில் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஊர் ஊராக மியூசியங்களுக்கு போன் போடுகிறார். போன வாரம் மேகலா கம்பெனி பஸ்ஸில் இறங்கி வரும்போது அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"கையுறை எங்ககிட்டயே கீதுங்க சார். எனக்கு அந்தப் பழைய ரயில் இன்ஜின் போதும். என் வீட்டுக்காரம்மாதான் கல்வெட்டு படிப்பாங்க. அவங்களுக்கு நேரம் ஜாஸ்தி ஆவும். அதுக்கேத்த மாதிரி ஒரு நாள் சொல்லுங்க."