நடுவில் ஒரு காலி வரிசை

கண்ட்ரோல், ஷிஃப்ட், கீழ் அம்பு. மூன்று விரல், ஒரே அமுக்கு. பட்டியல் அடிவரைக்கும் நிறம் மாறிவிடும். மாமா கீபோர்டைக் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. மவுஸைத் தொடுகிறவர்களை ஒரு தினுசாகப் பார்ப்பார். "கை இருக்கிற இடத்திலேயே வேலை இருக்கு. எதுக்குப்பா ஊர் சுத்தப் போகணும்?"

என் அக்காவின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. ஃப்ரேமில் லென்ஸ் பொருத்துவது என் பொறுப்பு. ஒரு கட்டம் நிரம்பினால் கண்ட்ரோல்-எஸ் அமுக்கிச் சேமிப்பார். தும்மினாலும் சேமிப்பார். "தூக்கத்துல என் முழங்கைய ரெண்டு விரலால அமுக்குறாருடா. என்னத்தச் சேமிக்கிறாரோ" என்பாள் அக்கா.

அழகுணர்ச்சியும் உண்டு. எக்செல்லில் பெயர்களுக்கும் லென்ஸ் பவர்களுக்கும் நடுவே ஒரு நெடுவரிசையைக் காலியாக விடுவார். "நெருக்கியடிச்சா கண்ணு வலிக்கும். கொஞ்சம் காத்தாடட்டும்."

போன மாதம் பேருந்துப் பணிமனைக்காரர்களுக்கு மொத்தமாகக் கண்ணாடி செய்தோம். மாமா பெயர்களை அகர வரிசையில் அடுக்கினார். நடுவில் காலி இருந்தால் அதற்கு அந்தப் பக்கம் இருப்பதைக் கம்ப்யூட்டர் வேறு குடும்பம் என்று நினைத்துக்கொள்ளும். பெயர்கள் இடம் மாறின, பவர்கள் அசையவில்லை. மாமா வழக்கம்போலச் சேமித்தார், மூடினார், லென்ஸுக்கு அனுப்பினார். வந்ததை நானும் அக்கறையாகப் பொருத்தினேன்.

எல்லோருக்கும் அடுத்தவர் பவர். நடத்துநருக்கு டிக்கெட் தெரிந்தது, பயணி தெரியவில்லை. நல்லவேளை, ஓட்டுநர்கள் யாரும் அதைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுக்கவில்லை.

முதலாளி மாமாவைக் கூப்பிட்டார். "மாத்திக் கொடுக்கும்போது நீங்கதான் முன்னாடி நிக்கணும். பணிமனை ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா, நீங்களும் வீட்டோட இருந்துக்கலாம்."

மருத்துவர் எழுதிய சீட்டுகளை வைத்து மாமா பட்டியலைத் திரும்பத் தட்டினார், இம்முறை காலி விடாமல். முகம் சுண்டிப்போயிருந்தது.

"திட்டட்டும்டா, வாங்கிக்கலாம். அந்த மூஞ்சிங்களப் பாக்கணுமே, அதான் கஷ்டம்" என்றார் என்னிடம்.

புதுக் கண்ணாடிகள் தயாரான அன்று கடை வாசலில் சீருடைகள் கூடிவிட்டன. பெயரைக் கேட்டு எடுத்துக் கொடுக்கும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு, மாமா கவுன்டருக்குப் பின்னால் போய் நிமிர்ந்து நின்றார். அவர் போட்டிருப்பது சோடாபுட்டிக் கண்ணாடி. அது இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்று அவருக்குத் தெரியாது.

கதவு திறந்தது. மாமா தன் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வாங்க, வாங்க" என்றார்.