மத்தியான டீசல்

சைட்டில் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். மண் தோண்டும் பெரிய வண்டியை ஓட்டுகிறவர். யார் தண்ணீர் கொடுத்தாலும் முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோவார். சம்பளம் ஒருநாள் முன்னாடியே வந்துவிட்டால் தூக்கம் போய்விடும். எதற்கு இவ்வளவு அவசரமாகக் கொடுக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே கிடப்பார். அவர் மனைவி அதே சைட்டில் கம்பி கட்டுகிறாள். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க தெருவுல ஒரு வீடு விடாம என்னைப் பத்தி விசாரிச்சார். இன்னும் விசாரணை முடியல" என்று கூட வேலை செய்யும் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவர் ஒரு காலையில் வண்டியில் ஏறியபோது இருக்கைக்கு அடியில் புதிதாக ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதில் பச்சை விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தது. மாட்டியவர் வேறு யாருமல்ல, மனைவியின் அண்ணன். அவர்தான் அங்கே சூப்பர்வைசர். இவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

"என்ன மச்சான் இது?"

"டீசல் எவ்வளவு எரியுதுன்னு பார்க்கிற பெட்டி, மாப்பிள்ளை. இந்தக் கட்டடம் கட்டி முடிக்கிறதுக்குள்ள புகையைக் குறைச்சுக் காட்டணுமாம். கட்டச் சொன்னவங்க போட்ட நிபந்தனை. சிமென்ட்டைக்கூடத் தயாரிக்கும்போது புகை கம்மியா வர்ற ரகமா மாத்திட்டாங்க, பார்த்தீங்கல்ல?"

"எல்லா வண்டியிலயும் மாட்டியாச்சா?"

"முதல்ல உங்க வண்டி."

'முதல்ல' என்ற சொல் அவருக்குள் புகுந்து குடைய ஆரம்பித்தது. டீசல் திருடன் என்று பட்டம் கட்டப் போகிறார்கள் என்று அன்றைக்கு நினைத்தார். அடுத்த நாள் அது மாறியது: ஆளில்லாமல் வண்டி ஓட்டப் போகிறார்கள், பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து தொழிலைக் கற்றுக்கொள்கிறது. அதற்கும் பிறகு, பெட்டிக்குக் காது இருக்கிறது என்று முடிவு கட்டினார். வண்டிக்குள் பாடுவதை விட்டார். போன் வந்தால் இறங்கிப் போய்ப் பேசினார். மனைவி கீழே நின்று ஏதாவது கேட்டால் கையால் சைகை காட்டினார்.

"உங்க பேச்சைக் கேட்கக் காசு கொடுத்துப் பெட்டி வாங்குவாங்களா? நான் சும்மாவே கேட்டுக் காது நொந்து கிடக்கேன்" என்றாள் அவள்.

பிறகு ஒருநாள் எல்லோரையும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். புகைக் கணக்குப் பார்க்க வந்திருந்த இன்ஜினியரம்மா திரையில் ஒரு சிவப்புக் கோட்டைக் காட்டினார். "இந்த வண்டி மண் தோண்டும்போது எரிக்கிறதைவிட சும்மா நிக்கும்போது எரிக்கிறதுதான் ஜாஸ்தி. அதுவும் மத்தியானத்துல. ஏன்?"

எல்லோர் கண்ணும் மோப்பத்தின் மேல் திரும்பியது.

காரணம் அவருக்குத் தெரியும். சைட்டில் ஒதுங்க ஒரு மரம் இல்லை. வேலை தொடங்கும்போதே வெட்டித் தள்ளியிருந்தார்கள். மத்தியானத்தில் அவர் இன்ஜினை அணைக்காமல் ஏசியை ஓடவிடுவார். கம்பி கட்டும் பெண்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுப் போவார்கள். வண்டிக்குள் வேறு ஆளை ஏற்றுவது விதிப்படி குற்றம். உண்மையைச் சொன்னால் வேலை போகும். அந்தம்மா அவ்வளவு மென்மையாகக் கேட்டதே அவருக்குப் பொறியாகப் பட்டது.

"இனிமே மண் அள்ளாதப்போ இன்ஜினை அணைச்சுடணும், அவ்வளவுதான்" என்று மச்சான் பேச்சை முடித்துவைத்தார்.

அணைத்தார்கள். வண்டியின் கண்ணாடிக் கூண்டு அடுப்பாகக் கொதித்தது. பெண்கள் தலையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு வெயிலிலேயே உட்கார்ந்தார்கள். அந்த வாரமே, கட்டிக்கொண்டிருந்த கம்பி வலையின் மேல் அவர் மனைவி மயங்கிச் சரிந்தாள். சுட்ட கம்பியில் உள்ளங்கை பொரிந்துவிட்டது. மோப்பம் அவளைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் உட்காரவைத்து, சாவியைத் திருகினார். பச்சை விளக்கு சிமிட்டியது.

"எழுதிக்கோ" என்றார் பெட்டியைப் பார்த்து.

சத்தம் கேட்டு மச்சான் ஓடிவந்தார். "யாரைக் கேட்டு இன்ஜினைப் போட்டீங்க?" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தவர், உள்ளே தங்கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பின்னாலேயே வந்த இன்ஜினியரம்மா தண்ணீர்ப் புட்டியை நீட்டினார். அவள் கொஞ்சம் தெளிந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "தினமும் மத்தியானம் வண்டி ஓடினது இதுக்குத்தானா?"

சொல்லாதே என்று மோப்பம் தன் காலால் மனைவியின் காலை அழுத்தினார்.

"ஆமாம்மா, இதுக்குத்தான்" என்றாள் அவள். "ஏங்க, காலை மிதிக்காதீங்க. கையே எரியுது."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனபிறகு மோப்பத்துக்குப் பேச்சு வந்தது. "நிழல் கொடுங்க, இன்ஜினை அணைக்கிறோம். கொட்டகை வர்ற வரைக்கும் இது ஓடும். வண்டியில ஏறினதுக்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. அந்தப் பெட்டி என்ன சொல்லுதுன்னு எங்களுக்கும் சொல்லணும்."

"மேல கேட்டுட்டுச் சொல்றோம்" என்று இழுத்தார் இன்ஜினியரம்மா.

மச்சான் தங்கையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்கிறது அப்புறம். கொட்டகைக்கு நான் பொறுப்பு" என்றார்.

தளம் போட்டுக் கழற்றிய பழைய பலகைகளைக் கொண்டு அவர்களே கொட்டகை எழுப்பினார்கள். காற்று புக நாலு பக்கமும் திறந்து விட்டார்கள். விடிந்ததும் வேலை, உச்சி வெயிலில் ஓய்வு என்று நேரமும் மாறியது. டீசல் செலவு சரசரவென்று குறைந்தது. உடனே வாசலில் ஒரு பெரிய பேனர் முளைத்தது; புகையைக் குறைத்த சாதனைக்காக முதலாளி அதில் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதைப் படித்துவிட்டு மோப்பம் நேரே இன்ஜினியரம்மாவிடம் போனார். "கட்டடம் முடிஞ்சதும் கொட்டகையைப் பிரிச்சிடுவீங்க. அடுத்த சைட்ல என்ன கதி?"

"ஒப்பந்தத்துலயே சேர்க்கச் சொல்லியிருக்கேன். செய்வாங்களான்னு எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு."

அந்தப் பதிலைக் கேட்டுத்தான் அவருக்கு அந்தம்மாமேல் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அதன் பிறகு புகைக் கணக்குக் கூட்டம் நடக்கும்போதெல்லாம் தொழிலாளர் சார்பில் அவரைத்தான் அனுப்பினார்கள். இவரிடம் எதையும் ஒப்பேற்ற முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்த சைட்டுக்கு வண்டி போகும் முன்பே அவரும் மனைவியும் பார்க்கப் போனார்கள். பள்ளம் தோண்டக் கோடு போட்டிருந்தார்கள்; ஓரத்தில் கொட்டகைக்குக் கால்கள் நட்டிருந்தார்கள். அவர் ஒரு காலை உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. அடுத்த காலுக்குப் போனார்.