பெயில்ஸ் இல்லாத ஸ்டம்புகள்

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலக்காட்டில் எங்கள் நகர கிரிக்கெட் மைதானத்தில் நடந்தது இது. புதிய கேலரி கட்டுவதற்காக மைதானத்தை மூடவிருந்தார்கள். அதற்கு முன் நகர அணியின் பழைய ஆட்டக்காரர்களும் பக்கத்து ஊரான சித்தூர் அணியின் பழைய ஆட்டக்காரர்களும் ஓர் ஆட்டம் ஆடினார்கள். அம்பயர் நான்.

மார்கழியில் வாளையார் பக்கமிருந்து மலை இடைவெளி வழியாக வரும் காற்று, ஸ்டம்புகளின் மேல் வைக்கும் சிறு குச்சிகளான பெயில்ஸை நிற்க விடாது. அதனால் அந்த மாதத்தில் அவற்றை எடுத்துவிட்டு ஆடுவதே இங்கே வழக்கம். பந்து ஸ்டம்பில் பட்டதா என்பதை அம்பயர்தான் பார்த்தும் கேட்டும் தீர்மானிக்க வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஓர் இறுதி ஆட்டத்தில் சித்தூரின் கடைசி ஆட்டக்காரருக்கு அப்படித்தான் அவுட் கொடுத்தார்கள். படவே இல்லை என்று அவர் வாதாடியதை யாரும் கேட்கவில்லை. கோப்பை நகர அணிக்குப் போனது. அதன்பின் சித்தூர் அணி இந்தப் பக்கமே வரவில்லை.

அதே மனிதர் இப்போது நரைத்த மீசையுடன் விக்கெட் கீப்பராக வந்திருந்தார்.

"இந்தக் காத்துல பெயில்ஸ் மட்டுமா பறக்குதுங்க? அன்னிக்கு எங்க கோப்பையே பறந்துபோச்சுங்க" என்று டாஸின்போதே எங்கள் கேப்டனைக் குத்தினார். அந்தப் பழைய ஆட்டத்தில் பந்து வீசியவர் எங்கள் கேப்டன்தான்.

"இன்னுமா அதை மறக்கலை நீர்?" என்று இவர் சிரித்து மழுப்பினார்.

கடைசி ஓவரில் நகர அணிக்கு இரண்டு ரன் தேவை. ஒரே விக்கெட் பாக்கி. மெதுவாக வந்த பந்து மட்டையை ஏமாற்றிவிட்டுக் கீப்பரிடம் போனது. 'டக்' என்று ஒரு சத்தம். சித்தூர் அணி கத்தியது. ஸ்டம்பும் அசைந்ததுபோல் இருந்தது. என் விரல் பாதி எழுந்துவிட்டது.

"ஏனுங்க, விரலை எறக்குங்க" என்று கையுறையை உயர்த்தினார் கீப்பர். "ஸ்டம்புல படலீங்க. என்ற பேடுல கை இடிச்ச சத்தமுங்க."

"ஏப்பா, நீ எந்த ஊருக்கு ஆடற?" என்று அவருடைய கேப்டன் எரிந்து விழுந்தார்.

"நம்மூருக்குத்தான். படலைன்னா படலைதான்."

அடுத்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. நாங்கள் ஜெயித்தோம். கை தட்டத்தான் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் கேப்டன் கிளப் அறைக்குப் போய் அந்தப் பழைய கோப்பையை எடுத்து வந்து கீப்பரிடம் நீட்டினார். "எடுத்துண்டு போங்கோ. இது இங்கே இருக்க வேண்டாம்."

அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கேலரி கட்டி முடிச்சதும் கூப்பிடுங்க. ஆடி ஜெயிச்சு எடுத்துக்கறோமுங்க."

இப்போதும் யாரைப் பற்றியாவது தீர்மானமாக ஏதாவது சொல்ல வாயெடுத்தால், உயர்த்திய அந்தக் கையுறை நினைவுக்கு வருகிறது. ஒரு கணம் நிறுத்திக்கொள்கிறேன்.