சட்டி வைத்த கடல்

இன்று வேலையிடத்துச் சமையலறையில் யாரோ கருக்கிவிட்ட பிளாஸ்டிக்கின் மணம், இப்போது இடித்துவிட்ட எங்கள் கிங்ஸ்பரி பிளாட்டின் சாப்பாட்டு மேசைக்கு என்னை இழுத்துப்போனது. அதன் மேல் உலகப்படம் அச்சிட்ட பிளாஸ்டிக் விரிப்பு. ஐரோப்பாவில் குழம்புக் கறை, ஆபிரிக்காவில் என் வீட்டுப்பாடம், அவுஸ்திரேலியாவுக்கு மேலே பசுபிக்கில் எப்போதும் ஆவி பறக்கும் சோற்றுச் சட்டி.

“நீலத்திலை வை பிள்ளை, அங்கை வெறும் தண்ணிதானே” என்பார் அம்மா. வைத்து வைத்துக் கடலில் ஒரு பழுப்பு வளையமே விழுந்திருந்தது.

அவுஸ்திரேலியாவுக்கு அகதியாகப் படகேறிய அம்மாவின் தம்பியை நவுறுத் தீவில் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று போன் வந்த அன்று, அந்தத் தீவை அம்மாவின் விரல் அந்தப் பழுப்பு வளையத்துக்குள்தான் கண்டுபிடித்தது.

மறுநாள் பழக்கத்தில் நான் சட்டியை அங்கே இறக்கப் போக, அம்மா வெறுங்கையாலேயே அதைத் தாங்கிப் பிடித்தார்.

“அங்கை வைக்காதை பிள்ளை. ஆக்கள் இருக்கினம்.”