கலுங்கில் வைத்த மூட்டை

போன மாதம் திருமங்கலம் போகிற வழியில் ஒரு புது வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். என்னோடு பஸ்ஸில் டிரைவராக இருந்த மாப்ளயின் மகன் கட்டிய வீடு. உறவில் மாப்பிள்ளை இல்லை, வருசக்கணக்கில் ஒரே வண்டியில் ஓடியதால் வந்த மாப்ள. பால் காய்ச்சி ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை கறிவிருந்து. இலையில் சோறு விழுந்தது, பின்னாடியே விரால் மீன் குழம்பு வந்தது. நல்ல குழம்புதான், குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இலைக்கு மேல் கையை வைத்து மறைத்தேன்.

வாளியைப் பிடித்திருந்தவர் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞர். அந்த நகரையே பிளாட் போட்டு விற்றவர் அவர்தானாம். வாங்கினவர்கள் வீட்டு விருந்தில் தன் கையால் பரிமாறுவது அவர் வழக்கமாம். "ஏன் பெரியப்பா, மீன் ஆகாதா? இந்த எடமே ஒரு காலத்துல கண்மாய்தான். எங்க தாத்தாதான் மீன் குத்தகை எடுத்திருந்தாரு. தண்ணி கட்டுற பய ஒருத்தன் கோவத்துல கரைய வெட்டி விட்டுட்டானாம். ஊரே போச்சாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்தத் தண்ணி கட்டுற பய என் கூடப்பிறந்த அண்ணன்.

உங்களுக்குக் கதை தெரியாது, சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் நான் புதுசாகக் கண்டக்டர் வேலையில் சேர்ந்திருந்தேன். சிம்மக்கல்லில் ஏறினால் எங்கள் ஊர்வரை போகிற டவுன் பஸ். கையில் டிக்கெட் கட்டு, வாயில் விசில், மனசுக்குள் கலெக்டர் என்கிற நினைப்பு. ஊருக்கு முன்னால் கண்மாய்க்கரை ஓரமாக ரோடு ஒரு வளைவு வளையும். அந்த வளைவில் நான் நீளமாக ஒரு விசில் கொடுப்பேன். அதைக் கேட்டதும் வயலில் நிற்கிறவர்கள், அடுப்படியில் இருக்கிறவர்கள் எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வருவார்கள். ரூல்ஸில் அப்படியொரு விசில் கிடையாது. சொந்த ஊர் என்கிற திமிரில் நானாக ஏற்படுத்திய வழக்கம் அது.

என்னுடைய பழைய விசில் ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்திருந்தேன். கொக்கு விரட்ட வைத்துக்கொள்கிறேன் என்று கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டான். ஊர் வயலுக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சுவதுதான் அவன் வேலை. எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. ஆனால் எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பது அவன் பொறுப்பு.

கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போக ஓரத்தில் கல்லால் கட்டிய ஒரு தாழ்வான இடம் இருக்கும். அதைத்தான் கலுங்கு என்பார்கள். கலுங்கு பாயும்போது தண்ணீரோடு விரால் துள்ளும், துள்ளி வெளியே தப்பித்துப் போகும். அதுதான் மீன் குத்தகைக்காரருக்கு வயிற்றெரிச்சல். அந்த வருசம் ஐப்பசி மழை பிடித்ததும், கலுங்கை அடைத்து மணல் மூட்டை அடுக்கி, மேலே வலை கட்டி, காவலுக்குத் தடியோடு ஆளும் போட்டுவிட்டார்.

அண்ணன் போய்க் கேட்டிருக்கிறான். "அய்யா, மூட்டைய எடுத்துருங்க. கரை தாங்காது."

"மீனு அம்புட்டும் போயிரும்டா. ஒன் கரை எங்கயும் போகாது, நீ போயி வேலையப் பாரு."

மறுநாள் காலை பத்து மணி வாக்கில், நல்ல வெளிச்சத்தில், கரையின் நடுவில் தண்ணீர் கசிந்து குழம்பாக இறங்கத் தொடங்கியது. அண்ணன் கத்திப் பார்த்திருக்கிறான். மழைச் சத்தத்தில் யார் காதில் விழும்? கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து, என்னை மாதிரியே நீளமாக ஊதினான். ஊதிக்கொண்டே கரைமேல் ஓடினான். ஊர் என்ன நினைத்தது தெரியுமா? பஸ் இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டது என்று நினைத்தது. கூடையோடும் குடையோடும் ரோட்டுக்கு ஓடியது. ரோடு மேடு. கரை உடைந்தபோது பஸ்ஸுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். டவுனில் இன்றைக்கு நமக்கு என்ன வேலை என்று வீட்டிலேயே இருந்தவர்களில் சிலர் போய்விட்டார்கள்.

அண்ணன் பெண்டாட்டி பாண்டியம்மாள் மதினியும் கீரைக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். "இந்தக் கொழுந்தனாரு செத்த நேரம் பொறுக்க மாட்டாரா" என்று வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே ஓடினாளாம். ரோட்டில் ஏறிப் பார்த்தால் பஸ் இல்லை. திரும்பிப் பார்த்தால் கரையும் இல்லை, கரைமேல் ஓடியவனும் இல்லை. மூன்றாம் நாள் கருவேலங்காட்டில் அண்ணன் கிடைத்தான். விசில் கழுத்திலேயே கிடந்தது.

பிறகு ஜீப் வந்தது. வந்தவர்கள் குத்தகைக்காரர் வீட்டு மாடியில் உட்கார்ந்து விசாரித்தார்கள், அங்கேயே சாப்பிட்டார்கள். குத்தகைக்காரர், "அந்தப் பயதான் என்மேல உள்ள கோவத்துல வெட்டிட்டான்" என்றார். செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்? அப்படியே முடித்துவிட்டுப் போனார்கள். மூட்டைகள் வெள்ளத்தோடு போய்விட்டன, பழி மட்டும் அண்ணன் தலையில் நின்றது.

மதினி அழுது நான் அதிகம் பார்க்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் மடைக்கருப்பசாமி முன்னால் போய் ஒரு காசைக் கல்மேல் வைத்து அரிவாளால் இரண்டாக வெட்டிப் போட்டாள். எங்கள் பக்கம் காசு வெட்டிப் போட்டால் அந்த வீட்டோடு பேச்சு கிடையாது, தண்ணீர் புழங்குவது கிடையாது. தப்பு செய்தவன் அதே சாமி முன்னால் வந்து செய்ததைச் சொல்லி, இரண்டு பேரும் ஒரே செம்பில் தண்ணீர் குடித்தால்தான் அது தீரும். அதுவரை கருப்பன் பார்த்துக்கொள்வான்.

கருப்பன் பார்க்கட்டும் என்று நாங்கள் சும்மா இருக்கவில்லை. குத்தகைக்காரருக்கு ஊர் 'விரால்' என்று பெயர் வைத்தது. ஊரில் ஒரு வாய் விரால் மீன் தின்பதில்லை என்று முடிவானது. நான் என் பங்குக்கு, அவர் சலவை வேட்டியோடு ஸ்டாப்பில் நின்றால் பஸ்ஸைத் தள்ளிப்போய் நிறுத்துவேன். அவர் ஓடி வந்து கம்பியைத் தொடும் நேரம் பார்த்து இரட்டை விசில் கொடுப்பேன். மாப்ளயும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கியரைப் போடுவான். புகார் போய் எனக்கு மெமோ வந்தது. அந்த மெமோவைப் பெண்ணுக்கு வந்த ஜாதகம் மாதிரி வீடுவீடாகக் காட்டினேன். இன்றைக்கும் அதற்காக எனக்குத் துளி வருத்தம் கிடையாது.

மதினி செய்ததுதான் பெரிசு. மார்க்கெட்டில் குத்தகைக்காரர் வைத்திருந்த மீன் கடைக்கு நேர் எதிரே கீரைக்கூடையைப் போட்டு உட்கார்ந்தாள். மீன் வாங்க வருகிற பொம்பளைகளிடம் சத்தமில்லாமல் சொல்வாள்: "வாங்குங்கக்கா, நல்ல மீனுதான். எங்க ஊருப் பொணத்தத் தின்னு வளந்த மீனு." வாங்க வந்தவர்கள் புடவையைச் சுருட்டிக்கொண்டு நடந்துவிடுவார்கள். வெயில் ஏற ஏற எதிர்க்கடையில் மீன் நாறும். மதினி அந்த நாற்றத்துக்கு முன்னால் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். அடுத்த வருசமே அவர் கடையை மூடினார்.

சில வருசம் கழித்து அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். வெட்டிப்போட்ட காசு ஒன்று கிடக்கிறது என்று அவனியாபுரத்து மாப்பிள்ளை வீட்டுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன, நான்தான் டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னேன். கல்யாணம் நின்றது. அப்போதுதான் 'விரால்' மடைக்கருப்பசாமி முன்னால் வந்து நின்றார். மதினி செம்பில் தண்ணீரோடு வந்தாள்.

"அன்னைக்கு மழை சாஸ்தியாப் பேஞ்சிருச்சு பாண்டியம்மா" என்று இழுத்தார்.

மதினி தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு வேறு மோந்து வந்தாள். பிறகு அவர், "மூட்டைய நாந்தான் வச்சேன்" என்று முணுமுணுத்தார்.

"எனக்கு மட்டும் கேட்டாப் போதுமா?" என்றாள் மதினி. முந்தானையில் முடிந்திருந்த அண்ணனுடைய விசிலை எடுத்து நீட்டினாள். "ஊதுங்க. ஊரு வரட்டும்."

அவர் ஊதினார். வராத பஸ்ஸுக்கு ஊர் கூடையோடு ஓடி வந்தது. "கலுங்க அடைச்சது நான். அவன் கரைய வெட்டல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். மதினி செம்பை அவரிடம் கொடுத்து, வாங்கி, தானும் ஒரு வாய் குடித்தாள். அவர் கும்பிட்டுத் திரும்பி நடந்தார். அந்தத் தண்ணீரை மதினி அவர் நடந்த தடத்திலேயே துப்பினாள். பார்த்தவன் நான் ஒருவன்தான். "முழுங்கவா முடியும் கொழுந்தனாரே?" என்றாள். எனக்கு அன்றைக்குத்தான் நெஞ்சு ஆறியது.

இப்போது மதினி இல்லை. ஓடி வந்து அதைக் கேட்டவர்களில் பாதிப்பேர் இல்லை, மீதிப்பேர் திருப்பூரில் கிடக்கிறார்கள். கண்மாய் பிளாட்டாகிவிட்டது. கலுங்குக் கல்லைப் பெயர்த்து நகருக்கு வாசல் கட்டியிருக்கிறார்கள். கருப்பசாமியை டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் நகர்த்திவிட்டார்கள். ஊர் கேட்கச் சொன்ன வார்த்தை போய்விட்டது, ஜீப்பில் வந்தவர்கள் கேட்டுப் போன பொய் மட்டும் மூன்றாம் தலைமுறையில் வாளி தூக்கிப் பரிமாறுகிறது.

இலையை மூடிவிட்டு எழுந்தேன். கையைக் கழுவினேன். மதினிக்குப் பின் அந்த விசில் என் சாவிக்கொத்தில்தான் தொங்குகிறது. நகர் வாசலுக்குப் போய், அந்தக் கலுங்குக் கல்மேல் ஏறி நின்று, வளைவில் கொடுப்பதுபோல் நீளமாக ஊதினேன். ஒரு கதவும் திறக்கவில்லை. மறுபடியும் ஊதினேன். காவலுக்கு இருக்கிற வடநாட்டுப் பையன் ஓடி வந்து, "என்னா சார், யாரு சார்?" என்று நாலாபக்கமும் பார்த்தான்.

பந்தியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைச்சட்டையும் வாளியோடு வந்து நின்றார். கேட்க இத்தனை பேர் போதும் என்று எனக்குப் பட்டது. "கலுங்க அடைச்சது ஒங்க தாத்தா. எங்கண்ணன் கரைய வெட்டல" என்று பஸ்ஸில் கடைசி சீட்டுவரை கேட்கிற குரலில் தொடங்கினேன்.