ராசம்மாள் ஒட்டிய கார்

ராசம்மாளைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் தெருப் பெண்கள் உடனே இரண்டு கட்சியாகிவிடுவார்கள். கட்டிய புருசனை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தவள் என்பது ஒரு கட்சி. வண்டி நிறைய ஆட்களைக் காப்பாற்றியவள் என்பது மற்றொன்று. இரண்டு கட்சிக்கும் அந்தக் காரைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. நான் அதை ராசம்மாள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

கார் என்றால் ஓடுகிற கார் இல்லை. அரைச் சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் கார்.

ராசம்மாள் கல்யாணத்துக்கு முன் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ரீலிங் பார்த்தவள். அறுந்த நூலின் இரண்டு முனையையும் பிடித்து, முடிச்சு இருப்பதே தெரியாமல் முடிச்சுப் போடுகிற வேலை. விரல்கள் அப்படிப் பழகியிருந்தன. அங்கப்பனைக் கட்டிக்கொண்டு ஆர்.எஸ்.புரத்துக்கு வந்த பிறகு அந்த விரல்களுக்குக் கீரை ஆய்வதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று.

அங்கப்பன் கோவிந்தராஜுலு வீட்டு டிரைவர். பங்களாவின் பின்பக்கம் கார் ஷெட், அதை ஒட்டி இவர்களுக்கு ஓர் அறை. கோவிந்தராஜுலு ஜின்னிங் பாக்டரி முதலாளி. நல்ல மனிதர். ஆனால் நல்லவர்களால் வருகிற தொல்லை தனி. அவர்களைத் திட்டவும் முடியாது.

அங்கப்பனின் சனம் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்தில் கூலிக்குக் கிடந்த சனம். அவன் வம்சத்தில் ஸ்டீயரிங்கைத் தொட்ட முதல் ஆள் அவன்தான். அவன் அப்பன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த அதே தெருவில், முதலாளியைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போகிற சாக்கில், அவன் ஹார்ன் அடித்துக்கொண்டு ஒருமுறை போயிருக்கிறான். அன்றைக்குத் தெருவே ஒதுங்கி நின்றதாம். இதை அவன் சொல்லாத நாளில்லை. டிரைவர் வேலை என்பது அவனுக்குச் சம்பளம் மட்டும் இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஷெட்டில் இரண்டு கார்கள் நின்றன. ஒன்று தினப்படி ஓடும் அம்பாசிடர். இன்னொன்று கோவிந்தராஜுலுவின் அப்பா காலத்து மாரிஸ், உருண்டை மூக்கு வைத்த பழைய வண்டி. வருசத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு அதைக் கிளப்பி ஒரு சுற்று விட வேண்டும், அது முதலாளியின் ஆசை. அறுபத்தைந்தாம் வருசம் பூஜையன்று அங்கப்பன் வண்டியின் மூக்கில் ஹேண்டிலைச் செருகி, குனிந்து சுற்றினான். ஹேண்டில் திருப்பி அடித்தது. வலது மணிக்கட்டு ஒடிந்தது.

எலும்பு கூடிவிட்டது. நரம்பு கூடவில்லை. கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் இருந்த இடத்தில் இருந்தன, அவ்வளவுதான். டம்ளரைப் பிடித்தால் நழுவும். சட்டைப் பொத்தானை ராசம்மாள்தான் போட்டுவிட்டாள்.

"சின்னச் சின்ன சாமானா எடுத்து வெச்சுப் பழகு. நரம்பு திரும்பறதுன்னா அப்படித்தான் திரும்பும்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"கை சரியாகட்டும் அங்கப்பா. வண்டி உன்னுதுதான். அது வரைக்கும் வேலுமணி ஓட்டட்டும்" என்றார் கோவிந்தராஜுலு. வேலுமணி பொள்ளாச்சியிலிருந்து தற்காலிகமாக வந்த டிரைவர். அவன் காலையில் அம்பாசிடரைக் கிளப்பும் சத்தம் கேட்டால் அங்கப்பன் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வான்.

அந்த நேரத்தில்தான் முதலாளியம்மா ராமாமணி இருவரையும் கூப்பிட்டு ஓர் அட்டைப் பெட்டியைக் கொடுத்தாள். சீமைக்குப் போய் வந்த அவள் தம்பி வாங்கி வந்தது. மூடியில் அச்சு அசல் ஷெட்டில் நிற்கும் அதே மாரிஸின் படம். உள்ளே கார் இல்லை. காம்பில் பிஞ்சு ஒட்டியிருப்பது போல் பிளாஸ்டிக் குச்சிகளில் துண்டு துண்டாக ஏதேதோ ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றையும் பிளேடால் அறுத்து எடுத்து, படம் பார்த்துப் பசை வைத்து ஒட்டினால் கார் ஆகுமாம். பங்களாவில் யாருக்கும் அதற்குப் பொறுமை இல்லை.

"டாக்டர் சொன்ன மாதிரியே இருக்குதுங்க இது" என்று அங்கப்பன் அதை இரண்டு கையிலும் ஏந்தி வாங்கிக்கொண்டான். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் அவன் சிரித்ததை ராசம்மாள் பார்த்தாள்.

முதல் நாள் அடிச்சட்டத்தில் சக்கர அச்சை ஒட்டினான். இடது கையால் தொடவே மாட்டேன் என்று வைராக்கியம், வலது கையால் தள்ளித் தள்ளியே வைத்தான். அச்சு கோணலாக உட்கார்ந்தது. பசை வழிந்து சட்டத்தை அரித்தது. மத்தியானம் எல்லாவற்றையும் மூலையில் வீசிவிட்டு, பாயில் படுத்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். அழுதபடியே தூங்கிப்போனான்.

ராசம்மாள் மூலைக்குப் போனாள். பொறுக்கி எடுத்துப் பார்த்தாள். பசை இன்னும் இறுகவில்லை. பிளேடு முனையால் நெம்பி, வழிந்ததைச் சுரண்டி, அச்சை நேராக வைத்துச் சற்று நேரம் பிடித்தாள். அவ்வளவுதான் செய்தாள். ஏமாற்ற வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை.

எழுந்தவன் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏம்புள்ள, பசை காயறப்ப தானா இழுத்து நேராக்கிக்கும் போல இருக்குதே?"

"ஆமாங்க. அப்படித்தான் இருக்குமுங்க" என்றாள்.

வினை அந்த வார்த்தையில்தான் தொடங்கியது. ஒன்று நேராக நின்றால் அடுத்ததும் நேராக நின்றாக வேண்டுமே! அவன் காலையில் ஒட்டுவான். மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குவான். அவள் பிரித்து மறுபடி ஒட்டுவாள். கம்பிக் கம்பியாக இருந்த சக்கரங்கள், மட்கார்டு, விளக்கு, மடக்குத் துணிக் கூரை எல்லாம் அப்படித்தான் ஏறின. முன்கண்ணாடியில் அவன் கட்டைவிரல் ரேகை பசையோடு பதிந்து போனது. அதைப் பல்பொடி போட்டு ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள்.

பெயின்ட் இன்னும் மோசம். டிங்கர் பட்டறையிலிருந்து கார் பெயின்ட் வாங்கி வந்து ஒரு கதவில் தடவினான். நிஜக் காருக்கு நல்லதாக இருந்தது பிளாஸ்டிக்குக்கு ஆகவில்லை, கதவு கொப்புளித்துவிட்டது. அதையும் சுரண்டி வழவழப்பாக்கினாள். பிறகு வேறு பெயின்ட் வந்தது. அவன் பூசியது ஓரம் தாண்டி ஓடும், அவள் துடைத்துவிட்டு மறுபடி கோடு பிடிப்பாள். நிஜ மாரிஸின் இடது மட்கார்டில் இடித்து நசுங்கிய ஒரு சொட்டை உண்டு. அது இதிலும் வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். சுட்ட ஊசியால் அவன் அழுத்திய இடத்தில் ஓட்டையே விழுந்தது. அவள் ஓட்டையை அடைத்து, பக்கத்தில் சொட்டையை வைத்தாள்.

டம்ளர் இன்னமும் நழுவிக்கொண்டுதான் இருந்தது. அவன் அதற்குக் காரணம் வைத்திருந்தான். டம்ளர் வழவழப்பு, கையில் எண்ணெய், பனிக்காலம். "சின்னது வந்துருச்சில்ல, பெருசு தானா வரும்" என்பான். அவன் முட்டாள் இல்லை. வேறு எதைப் பிடித்துக்கொண்டு அவன் உயிர் வாழ்வது, சொல்லுங்கள்?

கார் முடிந்தது. நம்பர் பலகை வரைக்கும் முடிந்தது. அங்கப்பன் அதைத் தாம்பாளத்தில் வைத்துப் பங்களாவுக்குக் கொண்டுபோனான். கோவிந்தராஜுலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சொட்டையைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது அவர் அப்பா கேட்டில் இடித்த சொட்டை.

"இந்த வேலை செய்யற கைக்கு ஸ்டீயரிங் பெரிய காரியமா? வர்ற வெள்ளிக்கிழமை கோபிசெட்டிபாளையத்துல முகூர்த்தம். நீயே வண்டிய எடு. வேலுமணியக் கணக்கு முடிச்சு அனுப்பிடலாம்" என்றார்.

அங்கப்பன் ஓடி வந்து சொன்னபோது ராசம்மாள் விரல் விட்டு எண்ணினாள். முதலாளி, முதலாளியம்மா, மூன்று பெண் பிள்ளைகள், இவன். இத்தனை பேரும் அந்தக் கையை நம்பி ஏறப்போகிறார்கள். அந்தக் கையோ பொய்க் கை. பொய்யை ஒட்டியவள் அவள்.

"ஒருக்கா காம்பவுண்டுக்குள்ள ஓட்டிப் பாத்துக்கங்க" என்றாள் மெதுவாக.

ஓட்டினான். அவள் ஷெட் ஓரமாக நின்று பார்த்தாள். அம்பாசிடரில் கியர் ஸ்டீயரிங்குக்கு இடதுபக்கம். இடது கை கியருக்குப் போகிற நேரம் ஸ்டீயரிங்கில் வலது கை மட்டும்தான். அப்போது வலது கை வழுக்கிக் கீழே விழுந்தது. அவன் தொடையை உயர்த்தி ஸ்டீயரிங்கை முட்டுக்கொடுத்தான். வண்டி செம்பருத்திச் செடியைச் சாய்த்துவிட்டு நின்றது.

"ரொம்ப நாளாச்சில்ல. ரோட்டுல போனா சரியாயிரும்" என்று இறங்கினான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"பொய் சொல்றே."

"சாமி சத்தியமுங்க. நான்தான் பிரிச்சுப் பிரிச்சு ஒட்டுனேன். பாவமேன்னு செஞ்சுபோட்டேனுங்க."

"எனக்கு வேலை திரும்பக் கெடைக்கறது உனக்குப் பொறுக்கல. பேரு உனக்கு வேணுமா? மொதலாளி என்னையப் பாராட்டுனது உன்ற கண்ணுல குத்துதா?"

அதற்குமேல் அவன் அவளோடு பேசவில்லை. காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துவைக்கச் சொல்லிக்கூட அவளிடம் கேட்கவில்லை, அவனே இடது கையால் இழுத்து இழுத்துத் தேய்த்தான். முதலாளியம்மாவிடம் ரகசியமாகப் போய்ச் சொல்லலாம் என்று அவள் யோசித்தாள். சொன்னால் அவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லி அவனை நிறுத்துவார்கள். அவன் ஆயுசு முழுக்க, கை சரியாக இருந்தும் முதலாளி மோசம் செய்துவிட்டார் என்று நம்பிக் குமைவான். சொல்லாவிட்டால், அவிநாசி ரோட்டில் எந்த லாரிக்கு முன்னால் அந்தக் கை வழுக்குமோ தெரியாது. இரண்டும் நாசம். எந்த நாசம் பரவாயில்லை என்பதுதான் அவள் முன்னால் இருந்த கேள்வி. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு கேள்வி வந்திருக்கும்?

வெள்ளிக்கிழமை காலை பட்டுப்பாவாடைப் பிள்ளைகள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று கோவிந்தராஜுலு பிளாஸ்டிக் காரைக் கையோடு எடுத்து வந்தார். அங்கப்பன் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். வேலுமணி தன் டிரங்குப் பெட்டியோடு கேட்டுப்பக்கம் இருந்தான்.

ராசம்மாள் நேராக வந்தாள். "ஐயா, அதைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரத்தைத் திருகிப் பிடுங்கி, அம்பாசிடரின் பானெட் மேல் வைத்தாள்.

"அடிப்பாவி!" என்றாள் ராமாமணி.

ராசம்மாள் புருசன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, பசைகூட வேண்டாமுங்க. இந்தச் சக்கரத்த வலது கையில எடுத்து என்கிட்ட குடுத்தாப் போதும். குடுத்துட்டீங்கன்னா நான் சொன்னது பொய்யின்னு இவத்தையே, இந்த மண்ணுலயே உங்க கால்ல உழுந்தர்றேன்."

அங்கப்பன் முறைத்தான். பிறகு கையை நீட்டினான். விரல்கள் சக்கரத்தின் மேல் போய் உட்கார்ந்தன, ஆனால் கூடவில்லை. சக்கரம் நகர்ந்தது. மறுபடி பிடித்தான். மறுபடி நகர்ந்தது. பானெட் ஓரத்துக்கு வந்து கீழே விழுந்தது. அவன் குனிந்து மண்ணில் தேடினான். பிள்ளைகளில் ஒருத்தி சிரித்தாள். ராமாமணி அவள் தொடையில் ஒன்று வைத்தாள். யாரும் போதும் என்று சொல்லவில்லை. அவன் மண்ணையும் சேர்த்து அள்ளிப் பார்த்தான், அதுவும் அந்த மூன்று விரலில் நிற்கவில்லை.

கோவிந்தராஜுலு கேட்டுப்பக்கம் திரும்பினார். "வேலுமணி, வண்டிய எடு. நேரமாகுது."

கார் கேட்டைத் தாண்டிப் போகும் வரை அங்கப்பன் எழுந்திருக்கவில்லை. ராசம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். அவன் அடிக்கவில்லை. மூன்று சக்கரத்தோடு அவள் மடியில் கிடந்த மாரிஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராசு" என்றான். "இதுல நான் ஒட்டுனது ஒன்னாச்சும் இருக்குதா?"

அவள் காரைத் திருப்பினாள். விளக்கு, மட்கார்டு, கூரை, உள்ளே சீட்டு, ஸ்டீயரிங் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏதாவது ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், அவன் நம்பிவிடுவான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் தேடினாள்.

"இல்லீங்க" என்றாள்.